காலைத் தும்மலுக்கு மெத்தையிலிருந்து வைத்தியம்

எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் விடிந்ததும் மகளுக்குத் தும்மல்தான். காரணம் தலையணை. அதில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் நம் தோல் செதில்களைத் தின்று வாழ்கின்றன. அவை கடிப்பதில்லை, எச்சத்தில் இருக்கும் புரதம்தான் தொல்லை. அலர்ஜி உள்ளவர் உடலில் அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் உருவாகி, மூக்கின் உட்புறத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். பூச்சி எச்சத்தின் புரதம் மறுபடி மூக்கில் நுழைந்து, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஐஜிஇக்களைச் சேர்த்துப் பிடித்தால், செல் சில நிமிடங்களிலேயே ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டிவிடும். அரிப்பு, மூக்கில் நீர், தும்மல் எல்லாம் அதன் வேலை.

சரி, செய்ய வேண்டியது: பெட்ஷீட், தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் பூச்சி சாகாது. மெத்தையை மொட்டைமாடியில் நன்றாகக் காயப்போடுங்கள். வேலூர் வெயிலுக்கு இந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும். ஆனால் பூச்சி செத்தாலும் எச்சம் உள்ளேயே கிடக்கும். அதனால் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை அவசியம். மெத்தையைத் தட்டும்போது அலர்ஜிக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டாம். அப்புறம், செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தைத்தான் அடைக்கும், பூச்சியைத் தொடாது. எதற்கு அலர்ஜி என்று பார்க்கும் தோல் பரிசோதனைக்குப் போவதென்றால், மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.