ஒருங்கமை சமன்பாடுகள்: சரிபார்த்தும் விடை தப்பாவது ஏன்?

தெரியாத எண்கள் ப, ம என்க. கீழுள்ள இரண்டு சமன்பாடுகளும் ஒருசேரப் பொருந்தும் ப, ம-ஐக் காண வேண்டும்.

4ப − 3ம = 5
4ப + 2ம = 10

இரண்டிலும் ப-வின் கெழு (அதன் முன்னுள்ள எண்) 4. கழித்தால் ப நீங்கிவிடும். ஆனால் நீக்கல் முறையில் அதிகம் சறுக்குவது இந்தக் கழித்தலில்தான். −3ம-இலிருந்து 2ம-ஐக் கழித்தால் −5ம. அவசரத்தில் அதைக் கூட்டி −ம என்று எழுதிவிடுகிறார்கள். வலப்பக்கம் 5 − 10 = −5. அந்தத் தப்பின்படி −ம = −5, ஆக ம = 5; முதல் சமன்பாட்டில் இட்டால் ப = 5.

இப்போது முதல் சமன்பாட்டில் சரிபார்த்தால் 20 − 15 = 5. பொருந்துகிறது! பொருந்தாமல் எப்படிப் போகும்? அதிலிருந்துதானே ப-வைக் கண்டுபிடித்தோம்? ம எவ்வளவு தப்பாக இருந்தாலும் அது பொருந்தியே தீரும். இரண்டாவதில் இட்டால்தான் குட்டு வெளிப்படும்: 20 + 10 = 30, வர வேண்டியதோ 10. சரியான விடை ப = 2, ம = 1.

எனவே மதிப்பை எதில் இட்டீர்களோ அதை விட்டுவிட்டு, மற்றதில் சரிபாருங்கள். கழிக்கும்போது, கீழ்ச் சமன்பாட்டின் எல்லாக் குறிகளையும், வலப்பக்க எண்ணின் குறி உட்பட, மாற்றி எழுதிவிட்டுக் கூட்டுங்கள். ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

கெழுக்களைச் சமமாக்கப் பெருக்கும்போது வலப்பக்கத்தை மறப்பதும் சகஜம். 3ப + 2ம = 16 என்பதை 3-ஆல் பெருக்கினால் 9ப + 6ம = 48. இப்படிப்பட்ட ஒவ்வொரு சமன்பாடும் வரைபடத்தில் ஒரு நேர்கோடு; 16 அப்படியே நின்றால் அது வேறொரு கோட்டின் சமன்பாடு.

பிரதியிடலில், அதாவது ஒரு சமன்பாட்டிலிருந்து ம-ஐத் தனியாக்கி மற்றதில் இடும் முறையில், அடைப்புக்குறியை விடவே கூடாது. 2ப + ம = 7-இலிருந்து வரும் ம = 7 − 2ப என்பதை 3ப − 2ம = 7-இல் இட்டால் 3ப − 2(7 − 2ப) = 7. விரித்தால் 3ப − 14 + 4ப. அந்த +4ப-வை −4ப ஆக்குவதுதான் வழக்கமான பிழை. சரியாகச் செய்தால் ப = 3, ம = 1.

ம = 7 − 2ப-வை அது பிறந்த 2ப + ம = 7-இலேயே இட்டால் 7 = 7 என்று வரும். அதைப் பார்த்து ‘எண்ணற்ற தீர்வுகள்’ என்று எழுதிவிடாதீர்கள். மற்ற சமன்பாட்டை இன்னும் தொடவே இல்லை.

இரண்டையும் பயன்படுத்திய பிறகும் 0 = 0 வந்தால், இரண்டும் ஒரே கோடு. அப்போதும் நினைத்த எண்களெல்லாம் தீர்வாகிவிடாது, அந்தக் கோட்டின் மேலுள்ள புள்ளிகள் மட்டுமே. 0 = 3 போல வந்தால் கோடுகள் இணை; தீர்வு இல்லை. இரண்டிலுமே ‘ப = 0, ம = 0’ என்று முடிப்பது தவறு.