ஜாஸ் ப்ளூஸ்: ஆறு கார்டு, பன்னிரண்டு பார்

கிட்டாரில் ஈ7, ஏ7, பி7 என்று மூன்று ஓப்பன் கார்டில் பன்னிரண்டு பார் ப்ளூஸ் வாசிக்கத் தெரியுமா? அப்படியானால் அடுத்த படி இதுதான். ஜாஸ் என்றாலே விரலை முறுக்கும் கார்டுகள் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இங்கே நாம் பிடிக்கப்போவது ஒரு கார்டுக்கு மூன்றே கம்பி. கார்டு மாறும்போது மேல் ஸ்வரங்கள் பெரும்பாலும் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் போதும். ஜாஸ் வாசனையில் பாதி அந்த நகர்விலிருந்துதான் வருகிறது.

டிரம்பெட், சாக்ஸபோன்காரர்களுக்குத் தோதாக ஜாஸ் குழுக்கள் எஃப், பி ஃப்ளாட் கீயில்தான் ப்ளூஸை அதிகம் வாசிக்கும். கிட்டாரில் கை பழக ஜி சௌகரியம், அதனால் ஜியில் தொடங்குவோம். தடித்த கம்பி 6, மெல்லியது 1.

படி 1: ஜி7, சி7

ஜி7: 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், 4ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல், 3ஆம் கம்பி 4ஆம் ஃப்ரெட்டில் சுண்டு விரல். நடுவிரல் நுனி 5ஆம் கம்பியில் லேசாக உரசிக்கொண்டிருக்கட்டும், அது ஒலிக்கக் கூடாது. 1, 2 கம்பிகளை விரல்களின் அடிப்பக்கத்தால் தொட்டு மியூட் செய்யுங்கள்.

சி7: நடுவிரல் 5ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டுக்குப் போகட்டும். ஆள்காட்டி விரல் 4ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட், மோதிர விரல் 3ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட். இப்போது 6ஆம் கம்பியை மியூட் செய்வது நடுவிரல் நுனியின் வேலை.

இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, 4ஆம், 3ஆம் கம்பிகளை மட்டும் கவனியுங்கள். எஃப் என்பது ஈ ஆகிறது; பி என்பது பி ஃப்ளாட் ஆகிறது. இரண்டும் ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கியிருக்கின்றன. காதில் இது பதியும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: மற்ற நான்கு

டி7-க்குப் புதிதாக எதுவும் இல்லை: சி7 பிடியை அப்படியே இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் டி7. நடுவிரல் 7ஆம் ஃப்ரெட்டுக்கு வந்தால் ஈ7.

ஏ மைனர் 7: 6ஆம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், 4, 3 கம்பிகளின் 5ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரலைப் படுக்க வையுங்கள்.

சி ஷார்ப் டிமினிஷ்ட் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். சி7-இல் 5ஆம் கம்பியின் ஸ்வரத்தை மட்டும் 4ஆம் ஃப்ரெட்டுக்கு ஏற்றினால் அதுதான். ஆள்காட்டி விரல் நகராது. நடுவிரலும் மோதிர விரலும் இடம் மாறிக்கொள்ளும்.

படி 3: பன்னிரண்டு பார்

ஜி7 | சி7 | ஜி7 | ஜி7
சி7 | சி ஷார்ப் டிமினிஷ்ட் | ஜி7 | ஈ7
ஏ மைனர் 7 | டி7 | ஜி7, ஈ7 | ஏ மைனர் 7, டி7

ஒவ்வொரு பாருக்கும் நான்கு பீட். கடைசி இரண்டு பாரில் மட்டும் கார்டுக்கு இரண்டு பீட்.

சாதா ப்ளூஸில் 9ஆம், 10ஆம் பாரில் டி7, சி7 வரும். இங்கே ஏ மைனர் 7, டி7. அதற்கு வழிவிடத்தான் 8ஆம் பாரில் ஈ7 வந்து நிற்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பாட்டின் உயிரே 8 முதல் 11 வரையிலான பார்கள்தான். ஈ7, ஏ மைனர் 7, டி7, ஜி7 என்று தொடர்ந்து வாசித்தால் 4ஆம் கம்பியில் 6, 5, 4, 3 என்று ஃப்ரெட் ஃப்ரெட்டாக இறங்கி வருவீர்கள். முழுப் பன்னிரண்டையும் உருட்டுவதற்கு முன் இந்த நான்கை மட்டும் தனியாகச் சுழற்றுங்கள்.

ஜி7-இலிருந்து ஈ7-க்குத் தாவுவது ஒன்றுதான் கொஞ்சம் தூரம். முந்தைய பாரின் நான்காவது பீட்டைச் சுருக்கமாக அடித்துக் கையை விடுவித்தால் நேரம் கிடைக்கும்.

படி 4: வலது கை

மேலும் கீழுமாக ஸ்ட்ரம் செய்யாதீர்கள். பாருக்கு நான்கு அடி, நான்கும் கீழ்நோக்கி. அடித்ததும் இடது கையின் அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒலி சட்டென்று நிற்கும். விரல் கம்பியை விட்டு எழக் கூடாது. 2ஆம், 4ஆம் அடிகளில் ஒரு பொடி அழுத்தம் கூடுதல்.

இப்படி வாசிப்பதற்கு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீனைக் கேளுங்கள். பியானோ கலைஞர் கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937-இல் சேர்ந்து, 1987-இல் இறக்கும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாசித்தவர். சோலோ வாசித்தது மிக அபூர்வம். இந்த நான்கு அடியை வைத்தே ஒரு பெரிய குழுவை நகர்த்திக்கொண்டு போனார்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 40 தட்டில் வையுங்கள். அதன் ஒலியை 1 என்று எண்ணாமல் 2, 4 என்று எண்ணுங்கள். அப்போது உங்கள் வேகம் 80. முதலில் தலை சுற்றும். கார்டைப் பிடிக்காமல் வெறும் கையைத் தட்டிப் பழகிவிட்டு, அப்புறம் கிட்டாரை எடுங்கள்.

ஜி சரளமாக வந்ததும் எல்லாப் பிடியையும் மூன்று ஃப்ரெட் மேலே ஏற்றுங்கள். ஜி7 இருந்த இடம் 6ஆம் ஃப்ரெட்டுக்கு வரும். அது பி ஃப்ளாட். பிடி எதுவும் மாறாது. முடிக்கும்போது மட்டும் கடைசி இரண்டு பாரின் சுற்றலை (மறுபடி முதல் பாருக்கு இழுத்துப்போகும் கார்டுகளை) விட்டுவிட்டு, 11ஆம் பாரின் முதல் பீட்டில் முதல் கார்டைச் சுருக்கமாக ஒரு அடி அடித்து நிறுத்துங்கள்.