டாங்கி சரி, தரைதான் தப்பு: ராணுவ டயோரமா போடுமுன் கவனிக்க வேண்டியவை

1/35 ஸ்கேல் (அசலில் 35-ல் ஒரு பங்கு) டி-72 டாங்கிக் கிட்டைப் பிசிறில்லாமல் ஒட்டி, வண்ணம் அடித்து, துருவும் புழுதியும் ஏற்றியாயிற்று. டயோரமா, அதாவது சிறிய அளவில் அமைக்கும் காட்சி, அதன் பலகையில் கொண்டுபோய் வைத்ததும் பொம்மையாகிவிடுகிறது. குற்றம் பெரும்பாலும் டாங்கியில் இல்லை. அதைக் கிட் கம்பெனிக்காரன் அளந்து கொடுத்தான். சுற்றியுள்ள சுவர், மரம், மண் எல்லாம் நம் கண்மதிப்பு.

ஆகவே பசையைத் தொடுமுன் கால்குலேட்டரை எடுங்கள். எதைச் செய்வதானாலும் அசல் அளவை 35-ஆல் வகுக்க வேண்டும். 23 × 11 × 7.5 செ.மீ. செங்கல், 6.6 × 3.1 × 2.1 மி.மீ. ஆகும். ஏழடி வாசல் 61 மி.மீ. உயரம்தான். கண்மதிப்பில் வெட்டிய செங்கல் ஏறக்குறைய எப்போதும் பெரிதாகத்தான் வரும். அந்தச் சுவர் பக்கத்தில் நிற்கும் 5 செ.மீ. சிப்பாய் குள்ளனாகிவிடுவான்.

மரத்திலும் இதே கதை. வட ஆற்காட்டுக் காட்சி என்றால் கை தானாகத் தென்னைக்குப் போகும். 15 மீட்டர் தென்னை இந்த ஸ்கேலில் 43 செ.மீ.; டாங்கியோ 6.4 செ.மீ. உயரம். பார்ப்பவர் மரத்தைத்தான் பார்ப்பார், கண்ணாடிப் பெட்டியும் அலமாரியில் நுழையாது. சீமைக்கருவேலம் 3, 4 மீட்டர்தான் இருக்கும். 9 முதல் 11 செ.மீ.க்குள் முடிந்துவிடும். காய்ந்த துளசிச் செடியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், வேர்ப்பகுதி அப்படியே கருவேலங்கிளை.

மண்ணில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பாலாற்று மணல் அசல் மணல்தானே என்று அப்படியே கொட்டினால், அரை மி.மீ. மணி ஒன்று 35 மடங்கில் 17 மி.மீ. ஆகிறது. கிட்டத்தட்ட முக்கால் அங்குல ஜல்லி! டாங்கி ஆற்றில் இறங்கியதுபோல் தெரியாது, ரோடு போடும் இடத்தில் நிற்பதுபோல் தெரியும். மணலைக் கழுவிக் காயவைத்து, நாட்டு மருந்தை வஸ்திரகாயம் செய்வதுபோல் மெல்லிய துணியில் சலித்து, கீழே விழும் தூளை மட்டும் எடுங்கள். ('நீரில்லாத ஆறு' என்று வேலூரைக் கேலி செய்வார்கள். நமக்கு அது லாபம், ரெசின் ஊற்றித் தண்ணீர் காட்டும் வேலை மிச்சம்.) ஆம்பூர், வாணியம்பாடியில் எளிதாகக் கிடைக்கும் தோல் துண்டைத் தார்ப்பாயாக விரிப்பதும் இதே பிழைதான். அரை மி.மீ. தோல் இங்கே மெத்தை. டிஷ்யூ பேப்பரை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்துங்கள், மடிப்பு சரியாக விழும்.

அடுத்தது எடை. 41 டன் வண்டி தரையில் மிதக்கக் கூடாது. தரைப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையை) மெல்லிய பாலித்தீனில் சுற்றி, ஒன்றிரண்டு மி.மீ. பதிய அழுத்தி எடுங்கள். வண்டிக்குப் பின்னாலும் தடம் தொடர வேண்டும், வானத்திலிருந்து இறங்கியதல்லவே. டிராக்கில் அப்பும் புழுதிக்குத் தரைக்குப் பூசிய அதே பிக்மென்ட் (வண்ணத்தூள்). ராஜஸ்தான் மஞ்சள் புழுதியோடு வேலூர்ச் செம்மண்ணில் நிற்கும் டாங்கியை நிறையப் பார்க்கலாம்.

காலப்பிழையை யாரும் மன்னிக்க மாட்டார்கள். இந்தியா டி-90 டாங்கிக்கு ஒப்பந்தம் போட்டதே 2001-ல். 1999 கார்கில் காட்சியில் அதை வைத்தால் ஆண்டும் தப்பு, அந்தச் சிகரங்களில் டாங்கி என்பதால் இடமும் தப்பு. புள்ளிபுள்ளியான புதிய டிஜிட்டல் சீருடை 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் அறிமுகமானது. அதற்கு முந்தைய காட்சியில் அது வரக்கூடாது. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு படையில் இருந்தவர்கள். திட்டப்படத்தை அங்கே ஒரு பெரியவரிடம் காட்டினால், துப்பாக்கியை யார் எப்படிப் பிடிப்பார் என்பதை ஐந்து நிமிடத்தில் திருத்திவிடுவார்.

பலகை அளவுக்கு ஊகம் வேண்டாம். குழலோடு சேர்த்து டி-72 27 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். அட்டையில் அந்த அளவு வெட்டி, விளிம்புக்கு இணையாக இல்லாமல் 20 டிகிரி சாய்த்து வைத்தால் 32 × 24 செ.மீ. போதும். அதற்கு மேல் மிஞ்சும் இடம் வெறும் மண்தான். நிரப்புகிறேன் என்று டிரம், டயர், சாக்குமூட்டை சேரும், காட்சி காயலான்கடையாகும். சிப்பாய்கள் மூன்று பேர் போதும், மூவரும் ஒரே விஷயத்தைக் கவனிக்கட்டும்.

அடிப்பலகை 12 மி.மீ. பிளைவுட்டாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிக்காவிட்டால் பிளாஸ்டரின் ஈரத்தை மேல்பக்கம் மட்டும் குடித்து வளைந்துவிடும். மேட்டுக்குத் தெர்மாகோல் வைத்தால் முழுதும் பூச்சால் மூடிய பிறகே ஸ்பிரே பெயிண்ட். இடைவெளி விட்ட இடமெல்லாம் கரைந்து குழியாகும். பிளாஸ்டரை 3 மி.மீ. படலங்களாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நிழலில் ஒரு நாள் விடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் வைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்; வெடிப்பும் விட்டிருக்கும். கோடையில் வறண்ட ஏரியைக் காட்டுவதானால் மட்டும் அந்த வெடிப்பை விட்டுவைக்கலாம்.