ஏற்காடு ஏறி இறங்கும் வண்டிக்கு மைலேஜ் கணக்கு

வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டை, வேலை ஏற்காட்டில் பள்ளிக்கூடத்தில். போக வர 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வண்டி ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ் 6 மாடல். மலைக்கு மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்: "டீச்சர், உங்க வண்டி எவ்வளவு கொடுக்குதுங்க?" ஒரே எண்ணைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தரைக்கு ஓர் எண், மலை ஏறி இறங்குகிற நாளுக்கு ஓர் எண் என்று இரண்டையும் அவரவர் வண்டியில் அவரவரே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எப்போது பெட்ரோல் போடுவது என்பதை மலை எண்ணை வைத்து முடிவு பண்ண வேண்டும்.

கணக்கு எடுக்கும் முறை சுலபம், ஆனால் பெட்ரோல் பங்கிலேயே பாதிப்பேர் கோட்டை விட்டுவிடுகிறார்கள். "இருநூறு ரூபாய்க்குப் போடுங்க" என்றால் கணக்கு வராது. டேங்க் ஃபுல் பண்ண வேண்டும். சீட்டை விட்டு இறங்கி, வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற டேங்கில் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு பிடிக்கும். மூடியைத் திறந்தால் வாய்க்குள்ளே ஒரு கழுத்துத் தகடு தெரியும். பெட்ரோல் அதன் அடி விளிம்பைத் தொட்டதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். "இன்னும் பிடிக்குங்க, ரவுண்டா போட்டுக்கலாமா?" என்று கேட்பார்கள், வேண்டாம். நிலத்தடித் தொட்டியிலிருந்து வருகிற பெட்ரோல் குளிர்ச்சியாக இருக்கும். ஏப்ரல், மே சேலம் வெயிலில் வண்டி நின்றால் அது விரியும், 10 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. வாய்வரை நிரப்பிய டேங்க் மூடி வழியாகக் கசிவது அதனால்தான்.

பில்லில் லிட்டர் இரண்டு தசமத்தில் இருக்கும். அந்தத் தாள் சில வாரத்தில் வெளுத்துவிடும் என்பதால், லிட்டரையும் ஓடோமீட்டர் எண்ணையும் டைரியில் எழுதிவிடுவது என் வழக்கம். அடுத்த முறை அதே பங்கு, முடிந்தால் அதே பம்பு, அதே தகடு மட்டம். என் டைரியிலிருந்து மலைக் கணக்கு ஒன்று: முந்தைய எண் 41,236, அடுத்தது 41,522. ஓடியது 286 கிலோமீட்டர், பிடித்தது 5.48 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 52. இரண்டு ஃபுல்லுக்கு நடுவே 5 லிட்டராவது செலவாகியிருக்க வேண்டும். மட்டம் பார்ப்பதில் 100 மில்லி முன்னே பின்னே போவது சகஜம். ஒரு லிட்டர் செலவுக்குள் அது வந்தால் மைலேஜ் 5, 6 கிலோமீட்டர் மாறிவிடும்; 5 லிட்டருக்குள் வந்தால் 1 கிலோமீட்டரோடு போய்விடும். ஒரே ஒரு தடவை மலை ஏறி இறங்கிவிட்டு மைலேஜ் சொல்கிறவர்கள் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை.

விடுமுறையில் சேலத்துக்குள் மட்டும் ஓட்டுகிறபோது இதே வண்டி 60-ஐ ஒட்டிக் கொடுக்கிறது. மலையில் அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வண்டி 112 கிலோ, என்னையும் நோட்டுக் கட்டையும் சேர்த்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 1,200 மீட்டர் தூக்க வேண்டும். பெட்ரோல் எரிந்து தரும் சூட்டில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வேலையாக வந்து சேரும் என்று எடுத்தால், தூக்குகிற கூலி மட்டும் ஏறக்குறைய கால் லிட்டர். அடிவாரத்திலிருந்து மேலே போகிற 20 கிலோமீட்டருக்குச் சாதாரணமாகச் செலவாகும் மூன்றில் ஒரு பங்கு லிட்டரை இதோடு கூட்டினால், ஏறும்போது லிட்டருக்கு 35 கிலோமீட்டர் அளவில்தான் நிற்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் தூக்குகிற கூலி கால் லிட்டரிலிருந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுசாகக் கிடைக்காது.

இறக்கத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவதும் சாவியை அணைப்பதும் நம் மலைப்பாதையில் அடிக்கடி கண்ணில் படுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். பெட்ரோலுக்கும் அதில் லாபம் கிடையாது. பெரும்பாலான ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போதே திராட்டிலை முழுக்க விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்; சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்கு, அதாவது இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருப்பதற்கு, பெட்ரோல் போகும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள்.

ஏறும்போது டாப் கியரில் உறுமவிட்டு இழுக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிட்டால் திராட்டில் பாதியிலேயே வண்டி ஏறும். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு, அதனால் இழுவை குறைவதை வண்டிக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் மேலே போய் டியூனிங் பண்ணக் கூடாது. அங்கே சரியாக வைத்தது கீழே வந்தால் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் சூடாகும். ஐடிலிங்கை மட்டும் தொடலாம்.

பராமரிப்பில் நான் விடாமல் பார்ப்பது காற்றும் பின்பிரேக்கும். என் வண்டிக்குத் தனியாகப் போகும்போது முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 28. உங்கள் வண்டிக்கு என்ன என்று அதிலேயே ஒட்டியிருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள், ஓடிய சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். மலைக்கு என்று பின்பிரேக்கை இறுக்கிவைத்த வண்டிகளில் லைனர் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். மெயின் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். சர்ரென்று சுற்றித் தானாக ஓய்ந்தால் நல்லது. சொர சொரவென்ற சத்தத்தோடு அரைச் சுற்றில் நின்றால் அட்ஜஸ்டிங் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பெடல் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். செயின், ஏர் ஃபில்டர் எல்லாம் சர்வீஸில் பார்த்துவிடுவார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்குச் சூடு 6, 7 சதவீதம் குறைவு என்பதால், பழைய டைரி எண்ணோடு ஒப்பிடும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

இனி டேங்க் கணக்கு. என் டேங்க் பிடிக்கும் 9.8 லிட்டரை 52-ஆல் பெருக்கினால் 510 கிலோமீட்டர் வரும். அதை நம்பி நான் ஓட்டுவதில்லை. ஒன்றரை லிட்டரைக் கழித்துவிட்டு, 430-தான் என் வண்டி ஓடும் தூரம் என்று வைத்திருக்கிறேன். டேங்கின் அடி நடுவில் பள்ளமாகக் குடைந்து இரண்டு பக்கமும் தொங்குவதால், பெட்ரோல் குறைந்தபின் சரிவில் அது ஒரு பக்கம் ஒதுங்கும். கேஜ் முள்ளும் அங்கே பொய் சொல்லும். சமதளத்தில் வண்டி நிமிர்ந்து நிற்கும்போது பார்த்தால்தான் சரி. கார்புரேட்டர் வண்டி ரிசர்விலும் நின்றுவிட்டால் பெட்ரோல் திருகு இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள், மறுபக்கம் தேங்கியது வந்து சேரும், பங்கு வரை போக அது உதவும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்க் வறளும்வரை ஓட்டவே கூடாது. உள்ளே இருக்கிற பம்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான்.

அந்த ஒன்றரை லிட்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படி அடைத்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும், அல்லது பாதி ஏறிவிட்டுத் திரும்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நான் 350 கிலோமீட்டரிலேயே ஃபுல் பண்ணிவிடுகிறேன். போடுவதும் சேலத்திலேயே, முந்தின நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது.