மனு எந்தக் கதவுக்கு? பட்ஜெட்டிலும் கோர்ட்டிலும் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பல வருஷமாக மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அப்பா தோட்டத்தில் கிராணி. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஜனம் தாமான் என்கிற குடியிருப்புகளுக்குக் குடிமாறியது. மனுக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன: பள்ளி வேலி, கால்வாய், தண்ணீர்க் குழாய், நிலப் பட்டா. அதில் பாதி தப்பான கதவைத் தட்டுகிறது.

ஒட்டுக்கடையில் ஒரு தம்பி, தே ஓ-வை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, பட்ஜெட்ல தமிழ்ப்பள்ளிக்குக் காசு சொல்லிட்டாங்க. தரலேன்னா கோர்ட்ல கேஸ் போட்டா கொடுத்துத்தானே ஆகணும்?"

அந்த ஒரு கேள்விக்குள் ஊர் முழுக்கச் செய்யும் தவறுகள் எல்லாம் இருக்கின்றன.

முதலில், அறிவித்துவிட்டாலே பணம் வந்துவிட்டது என்று நினைப்பது. அக்டோபரில் நிதியமைச்சர் படிப்பது மக்களவையிடம் வைக்கும் வேண்டுகோள். 2026-க்கு அவர் கேட்டது 419.2 பில்லியன் ரிங்கிட்: நிர்வாகச் செலவுக்கு 338.2 பில்லியன், மேம்பாட்டுக்கு 81 பில்லியன். நிர்வாகச் செலவு வழங்கல் மசோதாவாக, அதாவது செலவுக்கு அனுமதி கேட்கும் மசோதாவாக வரும். கொள்கை அளவில் விவாதம், பிறகு குழு நிலையில் அமைச்சு அமைச்சாக அலசல், மூன்றாம் வாசிப்பு, மேலவை, கடைசியில் மாமன்னரின் ஒப்புதல். மேலவை விரும்பாவிட்டாலும் ஒரு மாதத்துக்கு மேல் அதைத் தடுத்து வைக்க முடியாது. மேம்பாட்டுப் பணம் இந்த மசோதாவிலேயே இருக்காது. அதற்கு 1966-ஆம் ஆண்டு மேம்பாட்டு நிதிச் சட்டத்தின் கீழ் மக்களவை தனியாகத் தீர்மானம் போடும். வாத்தியார் சம்பளம் ஒரு வழியில், புதுக் கட்டடம் இன்னொரு வழியில். பள்ளிக் கட்டடத்தை வழங்கல் மசோதாவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அடுத்தது, "ஒய்.பி. நினைத்தால் கூட்டிக் கொடுக்கலாம்" என்ற நம்பிக்கை. ஒய்.பி. என்றால் இங்கே எம்.பி. அவரால் முடியாது. அரசின் நிதியிலிருந்து செலவு வைக்கும் மசோதாவையோ திருத்தத்தையோ அமைச்சர் மட்டுமே கொண்டுவரலாம் என்கிறது அரசியலமைப்பின் 67-ஆவது பிரிவு. சாதாரண எம்.பி. குறைக்கச் சொல்லலாம், கேள்வி கேட்கலாம், எதிர்த்து ஓட்டுப் போடலாம். அந்த ஓட்டுக்கும் கனம் உண்டு: 2020 டிசம்பரில் 2021-க்கான பட்ஜெட் 111-க்கு 108 என்ற கணக்கில்தான் தப்பியது. அன்று இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அரசாங்கமே ஆடியிருக்கும்.

நாட்டின் கல்லாவுக்குக் காவல் இருக்கும் நாடாளுமன்றத்துக்குத் தன் சொந்த ஊழியர் மீதே பிடி இல்லாமல் இருந்த கதையும் உண்டு. அந்த ஊழியர்களை நாடாளுமன்றமே நிர்வகிக்க இருந்த 1963-ஆம் ஆண்டு சட்டத்தை 1992-இல் ரத்து செய்தார்கள். அது திரும்பி வர 2025 ஆயிற்று. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

சரி, கோர்ட். எங்கள் ஊரை விட்டால் இதற்கு வேறு நல்ல உதாரணம் இல்லை. 1974 முதல் இங்கே எம்.பி.யாக இருந்த சாமிவேலுவை 2008-இல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் தோற்கடித்தார். அதற்கப்புறம் தொகுதிக்கான சிறப்பு ஒதுக்கீடு எதிர்க்கட்சி எம்.பி.யான அவர் கைக்கு வரவில்லை. இது பாரபட்சம் என்று அவர் நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றம் வழக்கை நடத்த அனுமதியே தரவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் கை விரித்தது. அந்தப் பணத்தை யாருக்கு எப்படிப் பிரிப்பது என்பது அரசாங்கத்தின் கொள்கை, நீதிபதி உள்ளே புகுந்து பங்கு போட முடியாது என்பதே சாரம். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. வரி கட்டுகிற எங்களுக்குக் கட்சி பார்த்துப் பணம் பிரிப்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் மனு எழுதுகிறவன் தனக்குப் பிடித்த சட்டத்தை வைத்து எழுத முடியாது, இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் எழுத வேண்டும்.

அப்படியானால் பட்ஜெட் பக்கமே கோர்ட் வராது என்று முடிவு கட்டுவது எதிர்த்திசைத் தவறு. சபா மாநிலத்தைப் பாருங்கள். கூட்டரசு, அதாவது மத்திய அரசாங்கம், அந்த மாநிலத்திலிருந்து திரட்டும் நிகர வருமானத்தில் 1963-ஆம் ஆண்டு அளவைத் தாண்டும் தொகையில் 40 விழுக்காட்டை மாநிலத்துக்குச் சிறப்பு மானியமாகத் தர வேண்டும் என்பது அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. 1974-இல் செய்திருக்க வேண்டிய மறுஆய்வு நடக்கவே இல்லை. சபா வழக்கறிஞர் சங்கம் வழக்குப் போட்டது. 2025 அக்டோபர் 17-இல் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம், 1974 முதல் 2021 வரை அந்த உரிமையைக் கவனிக்காமல் விட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லி, மறுஆய்வு செய்யக் கெடுவும் வைத்தது. அந்த நீதிமன்றமும் "இத்தனை பில்லியனை இன்றே எடுத்து வை" என்று சொல்லவில்லை. உட்கார்ந்து பேசி முடிவுக்கு வாருங்கள் என்றுதான் சொன்னது. 40 விழுக்காட்டு உரிமையை எதிர்த்து மேல்முறையீடு இல்லை, தீர்ப்பின் காரணங்களில் சிலவற்றை மட்டும் எதிர்ப்போம் என்று கூட்டரசு பிறகு அறிவித்தது.

சுங்கை சிப்புட்டுக்குக் கிடைக்காதது சபாவுக்கு எப்படிக் கிடைத்தது? சபாவின் பங்கு அரசியலமைப்பில் இருக்கிறது, எங்கள் தொகுதிப் பணம் ஆட்சியாளரின் கையில் இருந்தது. அதனால் யாராவது "கேஸ் போடலாம்" என்றால் நான் கேட்பது ஒன்றுதான்: "தந்தே ஆகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டுங்க."

ஓர் அக்கா ஒருநாள் தீர்ப்புத் தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்தார். அரசு லாரி மோதிய வழக்கு, நஷ்டஈடு தரச் சொல்லி உத்தரவு, மாதக்கணக்கில் பதில் இல்லை. "ஒய்.பி. பார்லிமென்டில் கேட்டு ஓட்டுப் போட்டால்தான் வருமாமே" என்று யாரோ சொல்லி இருக்கிறார்கள். அதுவும் தப்பு. கூட்டரசு அரசாங்கத்துக்கு எதிரான தீர்ப்புத் தொகை, கடன் வட்டி, நீதிபதிகளின் சம்பளம் போன்றவை நேரடியாகக் கூட்டரசின் ஒருங்கிணைந்த நிதி என்கிற பொதுக் கல்லாவின் மேல் சுமத்தப்பட்டவை. அவற்றுக்கு வருஷா வருஷம் ஓட்டு வேண்டாம். அதற்காக ஜப்தி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு அரசு ஆபீஸ் நாற்காலியைத் தூக்கவும் முடியாது, 1956-ஆம் ஆண்டு சட்டம் ஒன்று அதைத் தடுக்கிறது. ஆனால் அரசு கொடுக்காமல் இழுத்தால், கொடுக்கச் சொல்லிக் கட்டளை கேட்டு மறுபடி கோர்ட் ஏறலாம் என்று 2008-இல், சபா அரசு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வழி திறந்தது. அக்காவை அன்றே வக்கீலிடம் திருப்பி அனுப்பினேன்.

நீதிபதி மேல் கோபம் வந்தால் "அவர் சம்பளத்தை வெட்டச் சொல்லுங்கள்" என்று சிலர் எழுதச் சொல்வார்கள். பதவியில் இருக்கும் நீதிபதிக்குப் பாதகமாக அவர் சம்பளத்தை மாற்ற முடியாது. அவர் நடத்தையை மக்களவையில் பேசவே தனித் தீர்மானம் வேண்டும், அதற்கு மொத்த உறுப்பினர்களில் கால் பங்கு, அதாவது 222-இல் 56 பேர், நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவைக்குள் நடந்தது செல்லுமா செல்லாதா என்று கோர்ட் கேட்கவும் முடியாது. இந்த வேலிகள் இருந்தும் 1988-இல் நீதித்துறையின் தலைவர் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டு அரசியலமைப்பின் 121-ஆவது பிரிவைத் திருத்தி, நீதிமன்றங்களின் அதிகாரம் நாடாளுமன்றம் போடும் சட்டத்தின் அளவுதான் என்று எழுதினார்கள். அந்தத் திருத்தத்தால் நீதி அதிகாரம் பறிபோகவில்லை என்று 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் அழுத்திச் சொல்ல வேண்டி வந்தது. நீதிபதியின் சம்பளத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கோர்ட் கட்டடத்துக்கும் குமாஸ்தாவுக்கும் வேண்டிய பணம் மட்டும் மற்ற துறைகளைப் போல பட்ஜெட் வரிசையில் நிற்கிறது. இழுபறி பெரும்பாலும் அங்கேதான்.

தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை வந்ததும் "இனி உள்ளே போவார்கள்" என்று கைதட்டுவதும் அவசரம். அவர் எழுதுவார், நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு விசாரித்துப் பரிந்துரைக்கும். பிடிப்பதும் வழக்குப் போடுவதும் வேறு ஆட்கள்.

ஒட்டுக்கடைத் தம்பி காசு கேட்டது ஒரு பள்ளி வேலிக்கு, அதற்கு வருவோம். பள்ளி நிலம் இன்னும் தோட்டத்தின் பேரில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். இருந்தது. அப்புறம் இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு. இன்னொன்று கல்வி அமைச்சுக்கு, நகல் ஒய்.பி.க்கு, கல்வி அமைச்சின் ஒதுக்கீடு குழு நிலையில் வரும் நாளில் இந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லிக் கேள்வி எழுப்பும்படி ஒரு வரி சேர்த்தேன். கோர்ட் என்ற வார்த்தை எதிலும் இல்லை. தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.