மனை வாங்கும் முன் பத்து ரூபாய்த் தேடல்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பழைய வீடோ மனையோ பார்ப்பவர்கள் வில்லங்கம் போட்டுப் பார்த்ததும் அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். கூடவே 'செர்சாய்' (CERSAI) இணையதளத்திலும் தேடுங்கள். ஒரே பத்திரத்தைக் காட்டிப் பல இடங்களில் கடன் வாங்கும் மோசடியைத் தடுக்க 2011இல் மத்திய அரசு தொடங்கிய அடமானப் பதிவகம் இது. பொதுமக்களும் பார்க்கலாம், கட்டணம் 10 ரூபாய், வரி தனி.

நம்ம ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி சொத்துகளின் பழைய கடன்கள் 'வேலூர்' என்றே பதிவாகியிருக்கலாம். அதனால் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தேடிவிட்டு நிறுத்தாமல் வேலூரிலும் தேடுங்கள். சர்வே எண், உரிமையாளர் பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பெயரின் ஆங்கில எழுத்துகள் ஆளுக்கு ஆள் மாறும், இனிஷியலைக் கேட்கவே வேண்டாம்!

தேடலில் ஒன்றும் வரவில்லையா? தெரிந்தவரிடம் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்று இதில் வராது. ஜெராக்ஸை நம்பாமல், மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.