சாராயத்தில் ஊறிய ஈக்களும் காணாமல் போன கோடுகளும்

ஓசூர்ப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் பிடித்த ஈக்கள், 70 சதவீத எத்தனாலில் பல மாதம் கிடந்து என்னிடம் வந்தன. கேள்வி ஒன்றுதான்: இவை புழுவைக் கொல்லும் ஊசி ஈயா, செத்த புழுவைத் தேடி வந்த சதை ஈயா?

ஊசி ஈயின் முதுகில் நான்கு கருங்கோடுகள், சதை ஈக்கு மூன்று. எண்ணினால் போயிற்று என்று உட்கார்ந்தேன். நுண்ணோக்கியில் எல்லாமே ஒரே கறுப்பு! அந்தக் கோடுகள், ஈயின் உடலை மூடிய மெல்லிய சாம்பல் பூச்சின் இடைவெளிகள். ஈரத்தில் பூச்சு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாள் விளக்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகே இது உறைத்தது.

ஓர் ஈயை வெறுமனே காற்றில் உலர்த்தினேன். கண்கள் குழிந்து, வயிறு வற்றல் மிளகாயாகச் சுருங்கியது. அடுத்ததை நீரற்ற எத்தனாலில் ஒரு நாள், பிறகு எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் ஓர் இரவு வைத்து உலர்த்தினேன். சாம்பல் பூச்சு திரும்பியது. நான்கு கோடுகள்! முதுகின் பின்முனையில் கேடயம்போல் இருக்கும் சிறு தகட்டின் அடியில் ஊசி ஈக் குடும்பத்துக்கே உரிய புடைப்பும் இருந்தது.

இனத்தை உறுதிசெய்ய ஆண் ஈயின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளியவைத்து, பிறப்புறுப்பைப் படங்களோடு ஒப்பிட்டேன். குப்பியில் நெரிந்து முடிகள் உதிர்ந்த பெண் ஈ ஒன்றுக்கு மட்டும் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.